முகம் சுண்ணாம்பு, பின்னால் இருட்டு: பிளாஷ் எப்படிப் பழகுவது?

கெடிலக்கரை, கடலூர்

எல்லோருக்கும் வணக்கம். திருப்பாதிரிப்புலியூரில் இருந்து எழுதுகிறேன். பி.காம் முடித்துவிட்டு ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, ஒருவர் பயன்படுத்திய நிக்கான் டி5600 கேமராவை 18-55 லென்ஸோடு வாங்கினேன். பகலில் ஓரளவு கைக்கு வந்துவிட்டது. சில்வர் பீச்சில் விடியற்காலை, ஓல்டு டவுன் துறைமுகத்தில் படகுகள், பாடலீஸ்வரர் கோயில் தேர் என்று எடுத்த படங்கள் எனக்கே பிடித்திருக்கின்றன. பிளாஷ் என்று வந்தால்தான் ஒன்றும் புரியவில்லை.

போன மாதம் அக்காவுக்கு வளைகாப்பு. வீட்டுக் கூடத்திலேயே, மாலை ஆறரை மணிக்கு. கூடத்தில் ஒரு டியூப் லைட், ஒரு எல்இடி பல்பு, அவ்வளவுதான் வெளிச்சம். அக்கா மணையில் உட்கார்ந்திருந்தாள், அத்தை வளையல் போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் ஆயா (பாட்டி) பின்னால் தூணோரமாக நின்றுகொண்டு அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைக்காகத்தான் நான் கேமராவைத் தூக்கினேன். கேமராவில் இருக்கிற பிளாஷ் தானாக எழும்பி அடித்தது. படத்தில் அக்கா முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கிறது. நெற்றியில் வியர்வை பளபளக்கிறது. கன்னத்துச் சந்தனம் எது, தோல் எது என்று தெரியவில்லை. ஆயா நின்ற இடத்தில் வெறும் கறுப்பு. தூணைக்கூடக் காணோம்.

சரி, நல்ல பிளாஷ் வாங்கினால் சரியாகிவிடும் என்று தனியாக மேலே மாட்டுகிற, பவரை நாமே கையால் வைக்கிற மேனுவல் பிளாஷ் ஒன்று வாங்கினேன். இப்போது புதுத் தொல்லை. சில படங்களில் கீழே கால் பங்கு ஒரே கறுப்புப் பட்டையாக வருகிறது, அத்தையின் சேலைக்கரையும் தாம்பாளமும் அதற்குள் போய்விட்டன. பிளாஷ் கெட்டுவிட்டதா?

சித்தப்பா ஒரு காலத்தில் ஸ்டுடியோவில் இருந்தவர். பரணில் இருந்து அவருடைய பழைய பிளாஷ் ஒன்றை எடுத்துக் கொடுத்து, 'இதையும் வைத்துக்கொள், பவர் அதிகம்' என்றார். டி5600 மேல் மாட்டலாமா?

அடுத்த மாதம் மாமா பெண்ணுக்குத் திருவந்திபுரத்தில் கல்யாணம். அதிகாலை முகூர்த்தம். போட்டோகிராபர் தனியாக வருகிறார், நான் குடும்பத்தாரை மட்டும் எடுக்கப்போகிறேன். அதற்குள் இதைக் கற்றுக்கொள்ள வேண்டும். யூடியூபில் பார்ப்பதெல்லாம் பெரிய ஸ்டுடியோ, குடை, மூன்று நான்கு விளக்கு. என்னிடம் இருப்பது ஒரே ஒரு பிளாஷ். எங்கே இருந்து ஆரம்பிக்கலாம் என்று சொல்லுங்கள்.


மஞ்சக்குப்பம் இருட்டறை, கடலூர்

வாம்மா. 1988-ல் ஸ்டுடியோவில் பையனாகச் சேர்ந்து, பிலிம் கழுவி, அப்புறம் கல்யாணம் எடுக்க ஆரம்பித்தவன் நான். உன் கேள்வியைப் படித்ததும் அந்தப் படத்தில் காணாமல் போன உன் ஆயாதான் மனதில் நின்றார். அவரை எப்படித் திரும்பக் கொண்டுவருவது என்று மட்டும் பார்ப்போம். மீதியெல்லாம் பின்னாலேயே வந்துவிடும்.

உன் பிளாஷ் கெடவில்லை. முதலில் ஒன்றை மனதில் வாங்கிக்கொள். பிளாஷ் அடிக்கும்போது கேமரா இரண்டு படங்களை எடுத்து ஒன்றின் மேல் ஒன்றாக வைக்கிற மாதிரிதான். ஒன்று, கூடத்து டியூப் லைட் எடுக்கிற படம். இன்னொன்று, பிளாஷ் எடுக்கிற படம். டியூப் லைட் வெளிச்சம் குழாய்த் தண்ணீர் மாதிரி. ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறதோ அவ்வளவு நிரம்பும். பிளாஷ், ஒரு குடத்தை ஒரேயடியாகக் கவிழ்ப்பது மாதிரி. முழு பவரிலேயே அது ஒரு விநாடியில் சில நூறில் ஒரு பங்கு நேரம்தான் எரிகிறது. பவரைக் குறைத்தால் எரியும் நேரம் இன்னும் குறையும், ஆயிரத்தில் ஒரு பங்கு, பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்று போகும். அதனால் ஷட்டர் 1/200 விநாடியாக இருந்தாலும் 1/15 விநாடியாக இருந்தாலும் அந்தக் குடத்துத் தண்ணீர் முழுவதும் உள்ளே வந்துவிடும்.

ஆக, ஷட்டர் வேகத்தை மாற்றினால் ஆயா மாறுவார், அக்கா மாறமாட்டாள். அபர்ச்சரையும் (லென்ஸின் துவாரம்) ஐஎஸ்ஓவையும் (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவு) மாற்றினால் இரண்டு பேரும் மாறுவார்கள். பிளாஷின் பவரை மாற்றினால் அக்கா மட்டும் மாறுவாள். இது கைக்குப் பழகிவிட்டால் பிளாஷில் பாதி முடிந்தது.

உன் கேமரா தானியங்கியில் என்ன செய்தது தெரியுமா? கை ஆடிவிடக் கூடாது என்று ஷட்டரை வேகமாக வைத்துக்கொண்டது. குழாய் திறந்த உடனே மூடிவிட்டது, கூடத்து வெளிச்சம் உள்ளே வரவே இல்லை. அப்புறம் பிளாஷ் மட்டும்தான் மிச்சம். பிளாஷ் வெளிச்சமோ தூரம் போகப்போக மளமளவென்று செத்துவிடும். அக்கா உன்னிடமிருந்து ஒன்றரை மீட்டரில் இருந்தாள், ஆயா நாலரை மீட்டரில் நின்றார் என்று வைத்துக்கொள். தூரம் மூன்று மடங்கு. ஆயாவுக்குக் கிடைத்த வெளிச்சம் மூன்றில் ஒரு பங்கு இல்லை, ஒன்பதில் ஒரு பங்கு. கறுப்பாகாமல் என்ன செய்யும்?

இதை வாயால் சொன்னால் ஏறாது. இன்று ராத்திரியே செய்து பார். கடையில் நல்ல குடுமியோடு ஒரு தேங்காய் வாங்கு. மஞ்சள் பூசாதது, நார் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருப்பது. நான் எத்தனையோ பையன்களுக்குத் தேங்காயை வைத்துத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். முகத்துக்கு இருக்கிற உருண்டை அதற்கும் இருக்கிறது, நெற்றி மாதிரி மேடு இருக்கிறது, முடி மாதிரி குடுமி இருக்கிறது, எத்தனை தடவை பிளாஷ் அடித்தாலும் கண்ணைச் சிமிட்டாது. கூடத்து நடுவில் ஒரு ஸ்டூல் போட்டு, ஒரு சொம்பின் மேல் அதை உட்கார வை. பின்னால் நாலு மீட்டரில் சுவர் இருக்கட்டும், கொடியில் ஒரு சேலை தொங்கட்டும். கேமரா, எல்லாவற்றையும் நாமே கையால் வைக்கிற எம் மோடில், ஐஎஸ்ஓ 400, அபர்ச்சர் எப் 5.6. பிளாஷ் 1/16 பவரில், தேங்காயில் இருந்து மூன்று மீட்டர் தள்ளி நில். முதலில் 1/200. அப்புறம் வேறு எதையும் தொடாமல் 1/60. அப்புறம் 1/15. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். தேங்காய் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும். சேலை முதல் படத்தில் இருக்காது, இரண்டாவதில் மங்கலாக எட்டிப் பார்க்கும், மூன்றாவதில் பூ போட்ட கரை வரைக்கும் தெரியும்.

ஏன் 1/16, ஏன் மூன்று மீட்டர் என்று கேட்பாய். பிலிம் காலத்தில் எடுத்ததை உடனே பார்க்க முடியாது, கணக்குத்தான் கண். ஒவ்வொரு பிளாஷுக்கும் ஒரு கைடு நம்பர் உண்டு. அதை மீட்டர் தூரத்தால் வகுத்தால் அபர்ச்சர். உன்னுடையது மாதிரி மேனுவல் பிளாஷ்களின் பெட்டியில் 58, 60 என்று போட்டிருப்பார்கள். அது பிளாஷ் தலையை முழுவதும் ஜூம் செய்த, அதாவது வெளிச்சத்தைக் குறுக்கிய கணக்கு. 35 மில்லிமீட்டரில் வைத்தால் ஏறக்குறைய 36. அதுவும் ஐஎஸ்ஓ 100-க்கு, முழு பவரில். பவரை 1/16 ஆக்கினால் நம்பர் நாலில் ஒன்றாகி 9. ஐஎஸ்ஓவை 400 ஆக்கினால் இரண்டு மடங்காகி 18. பதினெட்டை மூன்றால் வகுத்தால் ஆறு, எப் 5.6-க்குப் பக்கத்தில் வந்துவிட்டது. கல்யாண வீட்டில் இந்தக் கணக்கை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டேதான் நடப்போம். உனக்குப் பின்னால் திரை இருக்கிறது, பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். ஆனாலும் கணக்கு தெரிந்தவள் ஒரு தடவையில் திருத்துவாய், தெரியாதவர் ஏழெட்டுத் தடவை திருத்துவார்.

கறுப்புப் பட்டைக்கு வருகிறேன். ஷட்டர் என்பது ஒரு கதவு இல்லை, இரண்டு திரை. முதல் திரை இறங்கி, படம் பதிகிற சென்சாரைத் திறக்கும், இரண்டாவது திரை பின்னாலேயே வந்து மூடும். டி5600-ல் 1/200 வரைக்கும்தான் சென்சார் முழுவதும் திறந்து நிற்கிற ஒரு கணம் உண்டு. அதைவிட வேகமாக வைத்தால் முதல் திரை கீழே போய்ச் சேர்வதற்குள் இரண்டாவது கிளம்பிவிடும். பிளாஷ் அடிக்கும்போது அது மறைத்த இடம் கறுப்பு. லென்ஸ் படத்தைத் தலைகீழாக விழவைப்பதால் பட்டை உனக்குக் கீழே தெரிகிறது. கேமராவின் சொந்த பிளாஷாக இருந்தால் அதுவே 1/200-ஐத் தாண்ட விடாது. அடியில் கேமராவைத் தொடுகிற நடுமுள் ஒன்று மட்டும் உள்ள மேனுவல் பிளாஷை மாட்டினால், தலைமேல் பிளாஷ் இருப்பதே கேமராவுக்குத் தெரியாது. நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது திசை. எனக்கு ரொம்ப முக்கியமானது இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் படி. அதே தேங்காயை பிளாஷ் நேராகப் பார்க்கிற மாதிரி ஒன்று எடு. அப்புறம் பிளாஷ் தலையைத் திருப்பி, இடது பக்கம் இருக்கிற வெள்ளைச் சுவரில் அடித்து ஒன்று எடு. சுவரில் பட்டு வரும்போது வெளிச்சம் நிறைய வீணாகும், பவரை 1/4 வரை ஏற்றிக்கொள். முதல் படத்தில் தேங்காய் ஒரு பழுப்புத் தட்டு, நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி. இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பார். ஒவ்வொரு நாருக்கும் பக்கத்தில் மெல்லிசாக ஒரு நிழல் படுத்திருக்கும். உருண்டை உருண்டையாகத் தெரியும். குடுமியின் ஓரத்தில் வெளிச்சம் மெதுவாகத் தேய்ந்து இருட்டுக்குள் போகும். அந்தத் தேய்மானம்தான் முகத்துக்கு உயிர். சந்தனம் வேறு, தோல் வேறு என்று கண்ணுக்குக் காட்டுவது நிழல்தான். நேராக அடித்தால் நிழல் எல்லாம் முகத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும், கன்னம் எது மூக்கு எது என்று தெரியாது. நெற்றியில் பளபளத்ததும் வியர்வையின் குற்றமில்லை. சின்ன விளக்கை நேராக அடித்தால் ஒவ்வொரு வியர்வைத் துளியும் கண்ணாடிதான். அதே பிளாஷை ஆறடிச் சுவரில் பட்டுத் திரும்ப வைத்தால், அந்தச் சுவரே உனக்கு விளக்கு.

வீட்டுக்கூடத்தில் மேல்தளம் பத்தடி உயரம், வெள்ளையடித்தது என்றால் மேலே அடிக்கலாம். ஆனால் நேர் மேலே அடிக்காதே, கண்குழியில் நிழல் விழும். பிளாஷ் தலையைக் கொஞ்சம் பின்னுக்குச் சாய்த்து அடி. மண்டபத்தில் மேல்தளம் இருபதடி, முப்பதடி என்று போய்விட்டால் அது உதவாது. கீற்றுப் பந்தலும் அப்படித்தான், வெளிச்சத்தைக் குடித்துவிடும். அங்கெல்லாம் பக்கத்தில் ஒரு பையனை நிறுத்தி ஒரு தெர்மாகோல் அட்டையைப் பிடிக்கச் சொல். அதுவும் இல்லையா, வெள்ளை வேட்டி கட்டிய மாமா ஒருவர் பக்கத்தில் வந்து நின்றாலே போதும். வேட்டியில் அடித்து நான் எத்தனையோ முகங்களை எடுத்திருக்கிறேன்.

திருவந்திபுரம் பற்றி. தேவநாதப் பெருமாள் கோயிலைச் சுற்றி முகூர்த்த நாளில் ஒரே காலையில் வரிசையாகக் கல்யாணங்கள் நடக்கும், உனக்கே தெரியும். ஸ்டாண்டு, குடை வைக்க இடமும் கிடைக்காது, நேரமும் கிடைக்காது. பிளாஷ் கேமரா மேலேயே இருக்கட்டும், தலையை மட்டும் திருப்பிக்கொண்டே இரு. ஐஎஸ்ஓ 800 அல்லது 1600, எப் 5.6, ஷட்டர் 1/60 பக்கம் வைத்துக்கொள். ஹோமப் புகை எழும்போது நேராக அடிக்கவே அடிக்காதே. உனக்கு முன்னால் இருக்கிற புகைதான் முதலில் வெளுக்கும், பெண்ணும் மாப்பிள்ளையும் பாலுக்குள் மூழ்கின மாதிரி ஆகிவிடுவார்கள். பக்கத்தில் இருந்து வெளிச்சம் வந்தால் அதே புகை சுருள் சுருளாக அழகாக நிற்கும். அட்சதை போடும் கணத்துக்கு 1/8 அல்லது 1/16 பவர் போதும், அரிசி ஒவ்வொன்றும் அந்தரத்தில் நின்றுவிடும். ஆனால் உன் தலைக்குப் பக்கத்தில் நின்று யாராவது அட்சதை வீசினால், அந்த அரிசி பிளாஷுக்கு ரொம்ப அருகில் இருப்பதால் வெள்ளைப் பூச்சி மாதிரி படத்தைக் கெடுக்கும். ஓரடி தள்ளி நில். சந்நிதிப் பக்கம் போனால் கேமரா பைக்குள் இருக்கட்டும்.

வந்திருக்கிற போட்டோகிராபருக்கு முன்னாலேயே ஒரு வணக்கம் வைத்துவிடு. அவர் ஓரத்தில் வைத்திருக்கிற பிளாஷ், இன்னொரு பிளாஷின் வெளிச்சத்தைப் பார்த்து எரிகிற மாதிரி அமைத்திருந்தால், நீ அடிக்கும்போதெல்லாம் அதுவும் எரியும். அவர் தாலி கட்டும்போது அழுத்துகிற நேரத்தில் அது சார்ஜ் ஏறாமல் நிற்கும். அந்தப் படம் திரும்ப வராது. தாலி கட்டும் அந்த ஒரு நிமிடம் பிளாஷை அணைத்துவிடு. அந்த நேரத்தில் பெண்ணின் அம்மா முகத்தை இருக்கிற வெளிச்சத்திலேயே எடு.

கடைசியாகச் சித்தப்பாவின் பிளாஷ். மாட்டாதே. பழைய பிளாஷ்களில் சிலவற்றின் நடுமுள்ளில் இருநூறு வோல்ட்டுக்கு மேல்கூட நிற்கும். பழைய கேமராவில் இருந்தது வெறும் உலோகத் தொடுப்பு, அது தாங்கியது. டிஜிட்டல் கேமராவில் அந்த இடத்தில் இருப்பது நுணுக்கமான எலக்ட்ரானிக் சர்க்யூட். நான் முதன்முதலில் டிஜிட்டல் வாங்கிய வருஷம் இது தெரியாமல் என் பழைய பிளாஷை மாட்டினேன். மூன்றாவது படத்தோடு பிளாஷ் தொடுப்பு செத்துவிட்டது. கேமரா மற்ற எல்லாம் செய்தது, பிளாஷ் மட்டும் கடைசிவரை அடிக்கவில்லை. அந்த சீசன் முழுக்க வாடகைக் கேமராவில் ஓட்டினேன். உனக்கு அது வேண்டாம். எலக்ட்ரீஷியனிடம் மல்ட்டிமீட்டர் இருக்கும். செல் போட்டு, தயார் விளக்கு எரிந்தபிறகு, நடுமுள்ளுக்கும் பக்கத்து உலோகத்துக்கும் இடையில் அளக்கச் சொல். பத்து வோல்ட்டுக்குள் இருந்தால் பரவாயில்லை. நூறு, இருநூறு என்று காட்டினால் அது சித்தப்பாவின் ஞாபகமாக அலமாரியில் இருக்கட்டும். பிரித்துப் பார்க்கிறேன் என்று மட்டும் யாரும் உட்காராதீர்கள். உள்ளே இருக்கிற கெப்பாசிட்டரில் முந்நூறு வோல்ட் பக்கம் ஏறியிருக்கும். செல்லைக் கழற்றிய பிறகும் அது ரொம்ப நேரம் இறங்காது, தூக்கிப் போட்டுவிடும்.


முத்தியால்பேட்டை ஒளி, புதுச்சேரி

தங்கச்சி, ஐயா சொன்னதில் திசையைப் பற்றிய இடத்தை ரெண்டு தடவை படி. அதோடு நான் சேர்ப்பது நிறம்.

எட்டு வருஷமாகக் குழந்தைகளையும் கல்யாண ஜோடிகளையும் எடுக்கிறேன். பாண்டியில் ஜோடி என்றால் ஒயிட் டவுன்தான் கேட்பார்கள். டூமாஸ் வீதி, ரோமன் ரோலன் வீதி என்று மஞ்சள் சுவர் பார்த்து நிற்பார்கள். ஆரம்பத்தில் ஒரு நாள் சாயங்காலம், வெளிச்சம் இறங்கிவிட்டது, பக்கத்தில் நல்ல பெரிய சுவர் இருக்கிறதே என்று அதில் பிளாஷை அடித்தேன். பெண்ணின் ஒரு பக்கம் முகம் மஞ்சள் காமாலை வந்த மாதிரி ஆகிவிட்டது. இன்னொரு பக்கம் சாதாரண நிறம். கம்ப்யூட்டரில் ஒரு பக்கத்தைச் சரிசெய்தால் மறுபக்கம் நீலம் பூக்கிறது. ராத்திரி இரண்டு மணிவரை உட்கார்ந்தும் முழுவதும் சரியாகவில்லை. அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் இன்றுவரை அந்த ஆல்பம் உறுத்துகிறது. சுவர் என்ன நிறமோ அதே நிறத்தைத்தான் வெளிச்சம் எடுத்து வரும். பச்சை ஷாமியானாவின் கீழே நின்று மேலே அடித்தால் முகம் பச்சை. உங்கள் கூடத்துச் சுவருக்கு ரோஸ் பெயிண்ட் அடித்திருந்தால் தேங்காயிலேயே அது தெரியும், பார். அதனால் மஞ்சள் சுவர் பின்னால் இருக்கட்டும், வெளிச்சம் தெர்மாகோலில் இருந்து வரட்டும்.

இன்னொன்று, குத்துவிளக்குக்குப் பக்கத்தில் எடுக்கும்போது பிளாஷ் வெள்ளையாக இருக்கும், சுடர் ஆரஞ்சாக இருக்கும். விளக்கு ஏற்றுகிற கையின் மேல் வெள்ளை வெளிச்சம் விழுந்தால் அது விளக்கோடு ஒட்டாது. லைட் வாடகைக்கு விடும் கடையில் ஆரஞ்சு ஜெலட்டின் பேப்பர் கிடைக்கும். நிறம் பாதி அடர்த்தி உள்ளதாக ஒரு துண்டு வாங்கி பிளாஷ் முகத்தில் ரப்பர் பேண்டு போட்டு வைத்துக்கொள். அதிகாலை முகூர்த்தம் என்றால் வெளியே வானம் நீலமாக இருக்கும், உள்ளே முகம் இதமாக இருக்கும். அந்த இருபது நிமிடம் போனால் போனதுதான், கேமராவோடு தயாராக நில்.

பகலிலும் பிளாஷ் வேண்டும் என்று நிறையப் பேருக்குத் தெரியாது. நம் கடல் கிழக்கே. காலையில் கடலைப் பின்னால் வைத்து நிற்க வைத்தால் சூரியனும் பின்னால், முகம் கறுத்துவிடும். வெயிலில் ஐஎஸ்ஓ 100, 1/200 வைத்தால் அபர்ச்சர் எப் 11 வரை போக வேண்டியிருக்கும். அப்போது பிளாஷ் முழு பவரில் இருந்தாலும் மூன்று மீட்டருக்குள் நின்றால்தான் முகத்துக்கு எட்டும். கிட்டே போய் எடு. சாயங்காலம் என்றால் வெயில் ஊர்ப்பக்கத்தில் இருந்து வருகிறது, இந்தப் பாடே இல்லை.


கூத்துமேடை, பண்ருட்டி

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். கற்றுக்கொள்கிற ஆர்வத்தில் எல்லா இடத்திலும் பிளாஷ் அடிக்கிற பழக்கம் வந்துவிடக் கூடாது என்பது என் கவலை.

எங்கள் பக்கத்து ஊர்களில் விடிய விடியத் தெருக்கூத்து நடக்கும். ஆடுகிறவர் முகத்தில் அரிதாரம், தலையில் கண்ணாடித் துண்டு பதித்த கிரீடம், தோளில் புஜக்கட்டை. திரைக்குப் பின்னால் இருந்து அவர் வெளியே வருகிற நேரத்தில் முகத்துக்கு நேரே ஒரு பிளாஷ் அடித்தால் சில விநாடிகளுக்கு அவருக்குக் கண் தெரியாது. சுழன்று ஆடுகிறவர், கால் எங்கே வைப்பார்? கண்ணாடித் துண்டெல்லாம் வெள்ளைப் புள்ளியாகி, கட்டை செய்தவர் வரைந்த பூவேலை அத்தனையும் போய்விடும். நான் அங்கே ஐஎஸ்ஓ 3200 வைத்து, தூணில் சாய்ந்துகொண்டு எடுக்கிறேன். படம் கொஞ்சம் மணல் மணலாக வந்தாலும் அந்த இரவு அதில் இருக்கிறது.

தேவனாம்பட்டினத்தில் மாசி மகத் தீர்த்தவாரிக்குச் சாமிகள் கடலுக்கு வரும்போதும், சாமியாடுகிற யாராவது முன்னால் வந்துவிட்டால் பிளாஷ் வேண்டாம். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தை, மாசி ராத்திரிகளில் நம் கரையில் பங்குனி ஆமை முட்டையிட ஏறும். வெளிச்சம் பட்டால் முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். அங்கே பிளாஷும் கூடாது, போன் டார்ச்சும் கூடாது.


மஞ்சக்குப்பம் இருட்டறை, கடலூர்

பண்ருட்டித் தம்பி சொன்னது சரிதான். கூத்துக்கு நானும் பிளாஷ் எடுத்துப் போவதில்லை. ஆனால் கல்யாண வீட்டில் ஐஎஸ்ஓவை மட்டும் நம்பி நின்றால், தலைக்கு நேர் மேலே இருக்கிற விளக்கால் எல்லோர் கண்ணுக்குக் கீழேயும் கருவளையம் விழுந்த மாதிரி இருக்கும், அந்த நிழலை ஐஎஸ்ஓ நீக்காது. அங்கே சுவரில் பட்டு வருகிற லேசான பிளாஷ் வேண்டும். யாருக்கும் கண் கூசாது, கைக்குழந்தைகூட அழாது.


கெடிலக்கரை, கடலூர்

ஐயா, அக்கா, அண்ணா, மூன்று பேருக்கும் நன்றி. நாலு ராத்திரியாகத் தேங்காய் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

1/200-ல் கொடியில் கிடந்த ஆயாவின் சேலை இல்லவே இல்லை. 1/60-ல் என்னவோ தொங்குகிறது என்று தெரிந்தது. 1/15 அழுத்திவிட்டுப் பின்னால் திரையைப் பார்த்தபோது சேலையில் இருந்த கட்டம் கட்டமான கரை தெரிந்தது, நான் 'அம்மா, இங்கே வா' என்று கத்திவிட்டேன். தேங்காய் மூன்றிலும் ஒரே மாதிரி. இத்தனை நாள் ஷட்டரைத் தொட்டால் எல்லாமே மாறும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சுவரில் திருப்பி அடித்தபோது நார் ஒவ்வொன்றுக்கும் நிழல் வந்தது. பாண்டி அக்கா சொன்னது அப்படியே நடந்தது. எங்கள் கூடத்தில் ஒரு சுவர் வெளிர்பச்சை, அந்தப் பக்கம் தேங்காய் இளநீர்க்காய் மாதிரி ஆகிவிட்டது. ஜவுளிப் பெட்டிக்குள் வந்த தெர்மாகோல் அட்டையைக் கடையில் கேட்டு வாங்கி வந்தேன். தம்பி பிடித்துக்கொண்டான்.

பிறகு ஆயாவையே உட்கார வைத்தேன். ஐஎஸ்ஓ 800, எப் 5.6, 1/30, பிளாஷ் தெர்மாகோலில், 1/8 பவர். கன்னத்துச் சுருக்கம், மூக்குத்தி, காதுத் தொங்கட்டான், பின்னால் சுவரில் தாத்தா படத்துக்குப் போட்ட மாலை, எல்லாம் இருக்கிறது. ஆனால் ஒன்று கேட்க வேண்டும். ஆயா பேசிக்கொண்டே கையை ஆட்டியதால் கைக்குப் பக்கத்தில் புகை மாதிரி இன்னொரு கை தெரிகிறது. அது ஏன்? பிளாஷ் எல்லாவற்றையும் நிறுத்திவிடும் என்றீர்களே? இன்னொன்று, முப்பது நாற்பது படத்துக்குப் பிறகு பிளாஷ் தயாராக ரொம்ப நேரம் எடுக்கிறது. கல்யாணத்துக்கு எத்தனை செல் எடுத்துப் போக வேண்டும்?

சித்தப்பா பிளாஷை எலக்ட்ரீஷியன் அண்ணா அளந்து பார்த்தார். 212 காட்டியது. சித்தப்பாவிடம் சொன்னேன், அவர் எதுவும் பேசாமல் துணியால் துடைத்துத் திரும்பப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். பெட்டியை மட்டும் பரணில் போடவில்லை, டிவி பக்கத்தில் வைத்திருக்கிறார்.


மஞ்சக்குப்பம் இருட்டறை, கடலூர்

212 வோல்ட். நல்லவேளை, அளந்தாய்.

அந்த இரண்டாவது கை, டியூப் லைட் எடுத்த படம். பிளாஷ் நிறுத்தியது ஒரு கையை, மீதி நேரம் திறந்திருந்த ஷட்டருக்குள் கூடத்து வெளிச்சம் ஆடுகிற கையை வரைந்துவிட்டது. ஆட்கள் அசைகிற இடத்தில் 1/60, 1/80 என்று ஏற்று, பின்னால் சற்று இருட்டினாலும் பரவாயில்லை. அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது 1/30. உன் கேமராவில் ரியர் கர்ட்டன் என்று ஒன்று இருக்கும், அதைப் போட்டால் ஷட்டர் மூடப்போகிற நேரத்தில் பிளாஷ் எரியும், அசைவின் கோடு கைக்குப் பின்னால் விழும். மேனுவல் பிளாஷிலும் அது வேலை செய்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடு.

செல் விஷயம். ஒரு தடவைக்கு நாலு செல், அப்படி மூன்று செட். சார்ஜ் ஏற்றுகிற நிக்கல் செல்தான், கடையில் வாங்கித் தூக்கிப்போடுகிற செல் வேண்டாம், பாதியில் சோர்ந்துவிடும். ஒரு செட்டின் நாலு செல்லும் ஒன்றாகவே போய் ஒன்றாகவே வர வேண்டும், பழையது புதியது கலக்காதே. மார்க்கரால் அ, ஆ, இ என்று எழுதி வை. முகூர்த்தத்துக்கு அரைமணி முன்னால், தீராவிட்டாலும் புது செட் மாற்றிவிடு. வீட்டுக்கு வந்ததும் பிளாஷில் இருந்து செல்லைக் கழற்று. நம் ஊர் உப்புக்காற்றுக்கு உள்ளே இருக்கிற ஸ்பிரிங் சீக்கிரம் பூத்துவிடும். நடுமுள்ளை மாதம் ஒரு தடவை பென்சில் ரப்பரால் தேய்த்துவிடு.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால், சாயங்காலம் மாலையும் கழுத்துமாக யாரையாவது உட்கார வைத்து ஒருமுறை பார். ரோஜா மாலை பக்கத்தில் இருந்தால் அதன் சிவப்பு தாடைக்குக் கீழே ஏறும். அதை எப்படிக் குறைப்பது என்று படத்தோடு எழுது, பார்க்கலாம்.